இரண்டாம் படியில் சரிந்த வெற்றிடம்

ஒடுகத்தூரில் பேருந்தை விட்டு இறங்கியபோது எனக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. தணிகாசலம் என் முகத்தைப் பார்த்து, “அந்தத் தப்பு என்னோடதுதான்” என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்காகப் பினாங்கிலிருந்து விமானம் ஏறி, சென்னை விடுதியில் கொசுக்கடியில் படுத்து, மூன்று பேருந்து மாறி வந்திருந்தேன். இடுப்பு விட்டுப்போயிருந்தது.

தணிகாசலமும் நானும் ஐரோப்பாவில் ஒரே அலுவலக அறையில் மூன்று ஆண்டுகள் தற்காலிக வேலையில் இருந்தவர்கள். இருவரும் கோட்பாட்டு இயற்பியல். சேர்ந்து ஒரே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினோம். அதன் பிறகு அவனுக்கு அடுத்த வேலை அமையவில்லை. மனைவி நர்ஸாக இருக்கும் ஜவ்வாது மலைக்கே போய்ச் சாமை அரவை மில் வைத்துவிட்டான். நான் பிறந்த ஊரான பினாங்குக்குத் திரும்பி, வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். எனக்கு இந்தியா வெளிநாடு. அதை இங்கே யாரிடம் சொன்னாலும், நான் பேசும் தமிழைக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள்.

கட்டுரையின் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கோபம் யாருக்கும் புரியாது. சூப்பர்கிராவிட்டி என்ற கோட்பாட்டில், ஒரு பிரபஞ்சம் எந்தெந்த நிலையில் அசையாமல் உட்கார முடியும் என்று கணக்குப் போடலாம். அப்படி உட்காரும் நிலைக்கு வெற்றிடம் என்று பெயர். சூப்பர்சிம்மெட்ரி என்ற சமச்சீர் இருக்கும் வெற்றிடம் தானாக நிற்கும். அந்தச் சமச்சீரே அதற்குக் காவல். காவல் இல்லாத வெற்றிடம் நிற்குமா, சரியுமா என்பதை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தட்டினால் எழும் ஒவ்வோர் அதிர்வுக்கும் ஓர் எண் உண்டு. எங்கள் வகை வெளியில் அது மைனஸ் இரண்டேகாலுக்குக் கீழே போகாதவரை ஆபத்தில்லை. காவல் இல்லாதவை எல்லாமே என்றைக்காவது சரிந்துவிடும் என்று எங்கள் துறையில் பலர் சந்தேகப்படுகிறார்கள். நாங்கள் ஒன்றைப் பிடித்து, இதோ இது நிற்கிறது என்று எழுதினோம்.

அது சின்னப் பேச்சு இல்லை. உள்ளே இருக்கும் வெளியின் கதை முழுவதும் அதன் விளிம்பில் ஒரு பரிமாணம் குறைவாக எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் ஹாலோகிராபி. உள்ளே ஒரு வெற்றிடம் நின்றால், விளிம்பில் ஒரு புதிய கோட்பாடு கிடைக்கும். எங்கள் வெற்றிடத்தை நம்பி வேறு சிலர் விளிம்பில் வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

கோளாறு ஒரு வாக்கியத்தில். இந்தக் கோட்பாட்டில் சுருண்டு கிடக்கும் பரிமாணங்கள் ஏழு. அதனால் அதிர்வுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகளாக வரும். அடிப்படியை நாங்கள் இருவரும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒப்பிட்டோம். மேலே போகப் போக எண் ஏறத்தான் செய்யும் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. ‘மேல்படிகளையும் சரிபார்த்தோம், ஆபத்தில்லை’ என்று நான் ஒரு வாக்கியம் எழுதி வைத்தேன், சிவப்பு எழுத்தில். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சரிபார்க்க வேண்டிய வாக்கியம் சிவப்பில் இருக்கும். மற்றவர் சரிபார்த்ததும் கறுப்பாக்குவார். கட்டுரை வெளிவந்தபோது அந்த வாக்கியம் கறுப்பில் இருந்தது. ஆக, தணிகா பார்த்துவிட்டான் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

போன மாதம், எங்கள் வெற்றிடத்தை நம்பித் தன் ஆய்வைத் தொடங்கியிருந்த வேறொரு நாட்டு மாணவி ஒருத்தி மின்னஞ்சலில் பணிவாகக் கேட்டாள், மேல்படிகளை எந்த முறையில் சரிபார்த்தீர்கள் என்று. அப்போதுதான் தாளை எடுத்தேன். உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். இரண்டாம் படியில் ஓர் எண் எல்லைக்குக் கீழே இறங்கியது. வெற்றிடம் சரிகிறது. இது போதாதென்று, நான் கிளம்பும்போது பினாங்கில் நிரந்தர வேலைக்கான நேர்காணலுக்கு ஒன்பது நாளே இருந்தது. நான் அங்கே பேச வேண்டிய தலைப்பே இந்த வெற்றிடம்தான். திருத்தம் வெளியிடத் தணிகாவின் ஒப்புதல் வேண்டும். அவனோ மின்னஞ்சல் பார்ப்பதில்லை. போன் அடித்தால் தொடர்பு எல்லைக்கு அப்பால்.

அவன் சொந்த ஊரான ஒடுகத்தூரில் அவன் அண்ணன் வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது.

“தணிகாவா? அவன் இங்க இன்னா பண்ணப் போறான், மலை மேல கீறாம்மா” என்றார் அண்ணன். “வெளிநாடெல்லாம் போய்ட்டு வந்து சாமை அரைச்சினு கீறான். செல் அடிச்சா எடுக்க மாட்டான், அங்க டவரே இல்ல.”

மலைக்கு இனிக் காலையில்தான் பேருந்து என்பதால் அங்கேயே தங்கச் சொல்லிவிட்டார்கள். கேழ்வரகுக் களியும் கீரையும் வந்தன. நான் களியை மென்றேன். வாயெல்லாம் ஒட்டிக்கொண்டு விழிப்பதைப் பார்த்து அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். “மெல்லாதீங்க, அப்டியே முழுங்குங்க” என்று தானே ஓர் உருண்டையை விழுங்கிக் காட்டினார். எங்கள் ஊரில் கண்ணில் படும் எதையும் நூடுல்ஸ் போல உறிஞ்சிவிடுவோம். இது வேறு வித்தை. நான்காவது உருண்டையில் கைவந்தது.

மறுநாள் ஆலங்காயம் வரை சிக்கல் இல்லை. நடத்துநர் என்னிடம் காசு வாங்க மறுத்துவிட்டார். நான் வெளிநாட்டுக்காரி, சலுகை எனக்குப் பொருந்தாது என்று நேர்மையாக விளக்கினேன்.

“நீங்க லேடீஸ்தானே?”

“ஆமா.”

“அப்ப ஃப்ரீதான். போய் ஒக்காருங்க.”

பினாங்கில் பேருந்துக்குச் சரியான சில்லறை இல்லாமல் எத்தனையோ நாள் முழித்திருக்கிறேன். நன்றி சொல்லக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்தேன்.

மலைப் பேருந்து மூன்றாவது வளைவில் நின்றுவிட்டது. பெல்ட் அறுந்துவிட்டதாம். எல்லோரும் இறங்கி மரத்தடியில் உட்கார்ந்தார்கள், ஏதோ ஏற்கெனவே பேசி வைத்ததைப் போல. யாரும் யாரையும் திட்டவில்லை. எனக்குத்தான் மணி ஓடுவது தாங்கவில்லை. பக்கத்தில் பலாப்பழத்தோடு ஓர் அம்மா.

“காவலூர்ல நட்சத்திரம் பாக்க வந்தியாம்மா?”

காலையிலிருந்து இது நான்காவது முறை. என் கைப்பையும் கண்ணாடியும் அப்படிச் சொல்கின்றன போலும். காவலூரில் பெரிய தொலைநோக்கி இருப்பது எனக்கும் தெரியும். ஆனால் என் வாழ்நாளில் நான் ஒரு தொலைநோக்கியிலும் கண் வைத்ததில்லை. என் பிரபஞ்சங்கள் எல்லாம் தாளிலேயே தொடங்கி தாளிலேயே சரிபவை.

“இல்லம்மா.”

“அப்ப இன்னாத்துக்கு வந்த?”

“ஒருத்தரைத் திட்டறதுக்கு.”

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “நல்லாத் திட்டு. அவ்ளோ தூரத்துலேந்து வந்துகீற” என்று சொல்லிவிட்டு, பலாவை நெருங்கவிடாமல் ஓர் ஆட்டை விரட்டினார்.

இரண்டு மணி நேரம் கழித்து ஒரு குட்டியானை வண்டி வந்தது. பின்னால் சாமை மூட்டைகள். ஓட்டுநரிடம் தணிகாவின் மில்லைச் சொன்னேன். “அங்கதான் போறேன், ஏறுங்க” என்றார். காவலூரைத் தாண்டி, ஒரு பக்கம் காடும் ஒரு பக்கம் சாமைக் கொல்லையுமாக வண்டி குலுங்கியது. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று வழி நெடுக ஒத்திகை பார்த்தேன்.

எல்லாம் வீண். மில் வாசலில் தலையெல்லாம் உமித் தூசியோடு நின்றவன் என்னைப் பார்த்ததும் வாயைப் பிளந்தான்.

“அட, கோமதி! இன்னாப்பா சொல்லாம கொள்ளாம! செல்வி, யாரு வந்துகீறாங்க பாரு!”

அவன் மனைவி செல்வி ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். “வாங்கக்கா. உங்களப் பத்தி இவரு சொல்லாத நாளே இல்ல” என்று என் பையை வாங்கிக்கொண்டார். மில்லை ஒட்டிய அறையில் ஒரு மேசை, ஒரு தராசு. சுவரில் மில் உரிமத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு, எங்கள் கட்டுரையின் முதல் பக்கம்.

“இங்க வர்றவங்க எல்லாம் கேப்பாங்க, இது இன்னா சர்டிபிகேட்டுன்னு” என்றார் செல்வி. “ஒலகம் விழாம நிக்கறதுக்குக் கணக்குன்னு சொல்லி வெச்சிகீறாரு.”

தணிகா கூச்சத்தோடு சிரித்தான். படித்த ஏழு வருடத்தில் மிச்சம் இது ஒன்றுதானே என்றான். மூன்று நாளாக நான் கூர் தீட்டி வைத்திருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். “பசியாறிட்டுப் பேசலாம்” என்று எங்கள் ஊர் வழக்கில் நான் சொன்னதற்கு ஒரு சிரிப்பு. பாதிச் சோற்றில், தள்ளிப் போட முடியாமல், மாணவியின் கேள்வியையும் என் நேர்காணலையும் சொல்லிவிட்டேன். இரண்டாம் படி. எண் கீழே போகிறது.

“எவ்ளோ?”

“மைனஸ் ரெண்டரைக்கும் கீழ.”

அவன் கையைக் கழுவிவிட்டு மில்லுக்குள் போனான். இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. வெகுநேரம் ஓடியது. செல்வி எட்டிப் பார்த்துவிட்டு வந்து, “மூட்டையே பிரிக்கல. சும்மா ஓட்டினு கீறாரு” என்றார்.

காலையில் பார்த்தபோது சுவரில் சட்டம் இல்லை. அந்த இடம் மட்டும் சுண்ணாம்பு வெளுப்பாக இருந்தது. ராத்திரி காற்றில் எங்கோ கம்பி அறுந்து மலை முழுவதும் கரண்ட் இல்லை. தணிகா மேசையில் உட்கார்ந்து, ரசீதுகளின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கியிருந்தான்.

“உன் தாளக் காட்டாத. நான் தனியாப் போடறேன். நீயும் மொதல்லேந்து போடு” என்றான்.

பழைய வழக்கம். நான் சமையலறையில் உட்கார்ந்தேன். முழு அட்டவணை தேவையில்லை, கெடுதல் செய்யும் அந்த ஓர் அதிர்வு மட்டும் போதும். ஆனாலும் கை வலித்தது. உள்ளுக்குள் ஒரு நப்பாசை: நான் போட்டது தப்பாக இருக்கலாம், இவன் கண்டுபிடித்துவிடுவான், பினாங்குக்குத் திரும்பி நேர்காணலில் நிமிர்ந்து பேசலாம். மதியம் தாண்டி இருவரும் தாள்களை மேசைமேல் கவிழ்த்து வைத்தோம்.

“நீ சொல்லு” என்றேன்.

அவன் சொன்ன எண் என் தாளில் இருந்தது.

பிறகு நான் வந்த காரியத்தை ஆரம்பித்தேன். அந்த வாக்கியத்தை நான் சிவப்பில்தான் விட்டேன், நீ பார்க்காமலே ஏன் கறுப்பாக்கினாய் என்று கேட்டேன்.

“நான் தொடலியே.”

“அப்ப தானா மாறிச்சா?”

“கோமதி, நான் அத்த தொடவே இல்ல. கறுப்பா இருந்துச்சு. நீயே பாத்துட்டு மாத்திட்டேன்னு நெனச்சேன்.”

எனக்கு வந்ததே கோபம். உன்னால் என் வேலை போகப்போகிறது, நீ இங்கே நிம்மதியாகச் சாமை அரைத்துக்கொண்டிருக்கிறாய் என்றெல்லாம் கத்தினேன். நிம்மதி என்ற சொல் வாயிலிருந்து வந்ததும் திரும்பப் பிடிக்க முடியவில்லை. செல்வி அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்றார். தணிகா எழுந்து, பரணிலிருந்து ஒரு பழைய மடிக்கணினியை இறக்கினான்.

“தினம் ஒரு காப்பி எடுத்து வெப்போமில்ல. எல்லாம் இதுல கீது. ஆனா பேட்டரி செத்துப்போச்சு. கரண்ட் வந்தாத்தான் தொறக்கும்.”

அந்த இரண்டு மணி நேரத்தை நான் என் வாழ்க்கையிலிருந்து வெட்டி எறியத் தயார். செல்வி டீ கொடுத்தார். எங்கள் ஊரில் கோப்பி என்றால் கண்ணாடிக் குவளை நிறைய வரும். இங்கே டீ இரண்டு வாயில் தீர்ந்துவிட்டது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பொழுது சாயும் முன் விசிறி சுற்றத் தொடங்கியது. தணிகா கோப்புகளைத் தேதிவாரியாகத் திறந்தான். கடைசிக்கு முந்தைய பிரதியில் அந்த வாக்கியம் சிவப்பு. கடைசிப் பிரதியில் கறுப்பு. கடைசிப் பிரதியின் பெயரில் என் முதலெழுத்து. மேலே, என் வழக்கமான அவசரத்தில் நான் எழுதிய குறிப்பு: ‘கலரெல்லாம் எடுத்துட்டேன். அனுப்பிடு.’

ஞாபகம் வந்தது. ஒரு மாநாட்டுக்குக் கிளம்பி விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். கட்டுரையைச் சமர்ப்பிக்க நாங்களே வைத்துக்கொண்ட கெடு அன்றுதான் முடிந்தது. மிச்சமிருந்த சிவப்பெல்லாம் எழுத்துப் பிழைகளுக்காகத்தான் என்று நினைத்து, ஒரே கட்டளையில் மொத்தத்தையும் கறுப்பாக்கிவிட்டேன். பிறகு விமானம் ஏறித் தூங்கிப்போனேன்.

காது மடல் சுட்டது. வெட்கம் இப்படி உடம்பில் வலிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. “தணிகா, நான்தான்” என்றேன். அவன் என்னைக் குத்திக்காட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“நானும் ஒரு வார்த்த கேட்டிருக்கணும்” என்றான். “கேட்டா சந்தேகப்படறேன்னு நெனப்பியோன்னு உட்டுட்டேன்.”

பிறகு அவனே சொன்னான்: “இண்டர்வியூ இன்னும் ஆறு நாள்தானே? முடிச்சிட்டு அனுப்பு. நான் இப்பவே ஒப்புதல் எழுதிக் குடுத்துடறேன். ஆறு நாள்ல இன்னா ஆயிடப்போவுது.”

நான் வேண்டாம் என்று உடனே சொல்லிவிடவில்லை. பொய் சொல்ல மாட்டேன், அந்த யோசனை எனக்குச் சென்னையிலேயே வந்திருந்தது. அதை இன்னொருவர் வாயிலிருந்து கேட்க இதமாகத்தான் இருந்தது. முப்பத்தெட்டு வயதில், ஒரு மேசை, ஒரு சாவி, அடுத்த வருடம் இருப்போமா என்று யோசிக்க வேண்டாத ஒரு வேலை.

செல்வி பாத்திரங்களை எடுத்துக்கொண்டே கேட்டார். “கேள்வி கேட்டு எழுதினாங்களே அந்தப் பொண்ணு, அவங்களுக்கு இன்னாக்கா பதில் போட்டீங்க?”

“இன்னும் போடல.”

“எத்தினி நாளாச்சு?”

“ஒரு மாசம்.”

செல்வி காலி டீத் தம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார். ஒரு மாதமாக அந்தப் பெண் சரியும் ஒன்றின்மேல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

விடிந்ததும் திருத்தத்தை எழுதினோம். நாலு வரி. மேல்படிகள் சரிபார்க்கப்படவில்லை, இரண்டாம் படியில் எல்லை மீறும் அதிர்வு உள்ளது, வெற்றிடம் நிலையானதன்று, தவறு கோமதியின் கவனக்குறைவால் நேர்ந்தது. நான்காவது வரியைத் தணிகா அடித்தான். நான் மறுபடி எழுதினேன். மறுபடி அடித்தான். மூன்றாம் முறை எழுதியதும் பேனாவை வைத்துவிட்டு, “பிடிவாதத்துல மட்டும் நீ மாறவே இல்ல” என்றான்.

அவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து காவலூர்ப் பக்கம் வந்தோம். ஒரு மேட்டில் ஏழெட்டுப் பேர் போனைக் காதில் வைத்து நின்றுகொண்டிருந்தார்கள். அங்கேதான் டவர் கிடைக்குமாம். ஒருவர் மாமியாரோடு சண்டை, ஒருவர் புளி விலை விசாரிப்பு. அவர்களுக்கு நடுவில் நின்று மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன்: கட்டுரைத் தளத்துக்குத் திருத்தம், அந்த மாணவிக்கு மன்னிப்போடு உண்மை, தேர்வுக் குழுத் தலைவருக்கு இரண்டின் பிரதியும். தணிகா வேறு பக்கம் திரும்பி ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டான்.

செல்வி ஒரு பை சாமை அரிசி கொடுத்தனுப்பியிருந்தார். சுங்கத்தில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று சொல்ல மனம் வரவில்லை.

இறக்கத்தில் பேருந்து எந்த வளைவிலும் நிற்கவில்லை. ஆலங்காயம் பேருந்து நிலையத்தில் போண்டாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. நேர்மைக்கு நன்றி. தற்போதைய சூழலில் உங்கள் உரையைக் கேட்கக் குழுவுக்கு வாய்ப்பில்லை. எதிர்காலத்துக்கு வாழ்த்துகள். இரண்டு முறை படித்தேன். போண்டாவை முடித்தேன். பசி அப்படி.

கொஞ்ச நேரத்தில் தணிகாவின் அழைப்பு. இன்னும் அந்த மேட்டைவிட்டுப் போகவில்லையாம்.

“இன்னா சொன்னாங்க?”

“வர வேண்டாம்னு.”

அந்தப் பக்கம் புளி விலைக்காரர் குரல் மட்டும் கேட்டது. பிறகு அவன் சொன்னான். “கோமதி, நான் ராத்திரியெல்லாம் ஒண்ணு யோசிச்சினு இருந்தேன். அது நிக்காது, சரி. ஆனா அங்கேந்து சரிஞ்சா எங்க போய் நிக்கும்? அத்த நாம பாக்கவே இல்லியே.”

“தெரியல” என்றேன்.

“எனக்கும் தெரியல. மூட்டை எறக்கணும், நான் போறேன். நீ மொதல்லேந்து போடு. அவசரமில்ல.”

எனக்கும் இனி அவசரமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. வேலூர்ப் பேருந்துக்கு அரை மணி இருந்தது. எதிரே இருந்த கடையில் கோடு போடாத நோட்டு ஒன்று கேட்டேன். எத்தனை பக்கம் வேண்டும் என்றார் கடைக்காரர். இருப்பதிலேயே தடிமனானதைக் கொடுங்கள் என்றேன்.